அண்ணாச்சி முன்னால் உட்காருவது

சுத்தமல்லியிலிருந்து நெல்லை டவுணுக்கு வரும் காலைப் பஸ்ஸில் பேட்டை நிறுத்தத்தில் பொன்செல்வி ஏறுவாள். டவுணில் அவளுக்கு எந்த வேலையும் கிடையாது. ஜவுளிக் கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் போகிற பெண்கள் அந்தப் பஸ்ஸில்தான் வருவார்கள். அவர்களோடு பேசுவதற்காகவே ஏறுவாள். கடைக்குள் வைத்துப் பேச முடியாது, தலைக்கு மேல் கேமரா இருக்கிறது. கடை விட்டதும் பேச முடியாது, பஸ்ஸுக்கு ஓடுவார்கள். வீட்டுக்குத் தேடிப் போனால் அடுப்படியில் நிற்பார்கள். அந்தப் பெண்கள் ஒரு நாளில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது இந்தப் பஸ்ஸில் மட்டும்தான். அதையும் கெடுக்க வேண்டியிருக்கிறதே என்று பொன்செல்விக்குத் தினமும் கஷ்டமாக இருக்கும். பாதிப் பேர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுப்பித்தான் பேசுவாள்.

“கடையில வேல செய்யுதவங்களுக்கு உக்கார இடம் கொடுக்கணும்னு சட்டசபையில மசோதா கொண்டுவரப் போறாவ. நம்ம ஜில்லாவுல ஆதரவு எப்படி இருக்குன்னு கேக்க ஆபீசர் வாராவ. கடை லீவு விடுத ஞாயித்துக்கிழம, பாளையங்கோட்டையில கூட்டம். வரணும்.”

“சட்டம் வந்தா மட்டும் உக்கார விட்டுருவாவளாக்கும்?” என்பாள் ஒருத்தி.

“மாசத்துக்கு ஒரு லீவு. அன்னைக்கும் பாளையங்கோட்டைக்கு வரச் சொல்லுதிய. துணி துவைக்கது யாரு?” என்பாள் இன்னொருத்தி.

மூன்றாவது ஒருத்தி கண்ணைத் திறக்காமலே, “வாரேன்க்கா” என்பாள். வர மாட்டாள் என்பது பொன்செல்விக்குத் தெரியும். வரமாட்டேன் என்று சண்டை போடுகிறவளைக்கூட இழுத்துக்கொண்டு வந்துவிடலாம், வாரேன்க்கா என்கிறவளை ஒன்றும் செய்ய முடியாது.

கடைத் தொழிலாளர் சங்கத்தில் அவள் பொறுப்பாளர். சங்கத்துப் பொறுப்பாளர் என்றதும் ஜனங்களுக்குக் கொடியும் மைக்கும் நினைவுக்கு வரும். பொன்செல்விக்கு இரண்டும் கிடைத்ததில்லை. தொண்டைக் கட்டுதான் கிடைத்தது. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசியதில், அது யாரோ எழுதிக் கொடுத்ததைப் போல அவள் காதுக்கே கேட்க ஆரம்பித்திருந்தது. அவள் புருஷன் சிவகணேஷ் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். சாயங்காலம் அவள் பாதத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு இருக்கும்போது சொல்வான்: “உக்காருததுக்கு ஒரு சங்கம் வச்சிருக்கிய. அதுக்கு நீ நாள் பூரா நடக்கே.” அவளுக்கும் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் அலுப்பாக இருக்கும்.

அவளுடைய கால்வலி நடந்து நடந்து வந்தது இல்லை. நின்று நின்று வந்தது. பதினெட்டு வயதில் முன்னீர்பள்ளத்திலிருந்து வந்து ஆவுடைநாயகம் ஜவுளி ஸ்டோரில் சேர்ந்தாள். கீழ ரத வீதியில் மூன்று மாடிக் கடை. சேலைப் பிரிவில் நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்றால் நிறுத்தினார்கள்தான், கால் நூற்றாண்டுக்கு அவள் அங்கே நின்றாள். வாடிக்கையாளர் இருந்தாலும் நிற்க வேண்டும், கடையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். அலமாரியில் சாயக் கூடாது. முடியவே முடியாதபோது, “பின்னு விழுந்துட்டு, தேடுதேன்” என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் குந்துவார்கள். ஒருத்தி பின் தேடினால் அடுத்தவள் சூப்பர்வைசர் வருகிறாரா என்று பார்த்துக்கொள்வாள். பிறகு முறை மாற்றிக்கொள்வார்கள்.

முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்து நீலமாக முறுக்கிக்கொண்டபோது பெரியாஸ்பத்திரி டாக்டர் இனிமேல் அதிகம் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதை முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள். அண்ணாச்சி நிஜமாகவே வருத்தப்பட்டார். “நிக்காம ஜவுளிக் கடை ஏது தாயி? நீ வீட்டுல இருந்து உடம்பப் பாரு” என்றார். ஒரு நல்ல சேலையை எடுத்து அவரே பையில் போட்டுக் கொடுத்தார். அன்றோடு வேலை போயிற்று. ஒரு ஸ்டூல் போட்டிருந்தால் இன்னும் பத்து வருஷம் வேலை பார்த்திருப்பாள். அந்த யோசனை அண்ணாச்சிக்கு வரவில்லை என்பதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தனக்கே அன்றைக்கு அது தோன்றவில்லை என்பதுதான் பிற்பாடு அவளை அரித்தது.

சங்கத்தின் மாவட்டச் செயலாளர் தானியேல், இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், பாளையங்கோட்டைக்காரர். அவர் அவளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

“ஜவுளி வியாபாரிக சங்கத்துல இருந்து ஏற்கெனவே ஆபீசர்கிட்ட பேசிட்டாங்கம்மா. எங்க கடைப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு குறையே கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க. அத அப்படியே எழுதிட்டுப் போயிட்டா, நெல்லையில தொழிலாளிகளே இதக் கேக்கலன்னு ஆயிரும். அதனால ஆள் வரணும். வந்து வாயால சொல்லணும்.”

ஆளைக் கொண்டுவருவது பெரிய வேலை, பேச வைப்பது அதைவிடப் பெரிய வேலை. வேற்று ஆள் கேட்டால் அந்தப் பெண்கள் யாரும் கால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், பழகிட்டு” என்று சிரிப்பார்கள். கடையில் கற்றுக்கொண்ட சிரிப்பு அது. பொன்செல்வி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியையும் பழக்கினாள். “எனக்குக் கால் வலிக்குது, சொல்லு பாப்போம்.” பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்கள்.

அவள் பெரிதும் நம்பியிருந்தது மைதீன் பாத்திமாவை. மேலப்பாளையத்துப் பெண், பொன்செல்வி நின்ற அதே சேலைப் பிரிவில் இப்போது அவள்தான் மூத்தவள். நிறைமாதம் வரைக்கும் நின்று வேலை பார்த்தவள், அதைச் சொன்னால் கேட்கிறவர்கள் நெஞ்சு பதறும். ஆரம்பத்தில் முடியவே முடியாது என்றாள். அப்புறம் ஒருநாள் டவுண் முகப்பில் இருக்கிற ஆர்ச் பக்கம் பார்த்தபோது, “சரிக்கா, சொல்லுதேன். உங்களுக்காகச் சொல்லுதேன்” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பொன்செல்விக்கே நம்ப முடியவில்லை. தானியேல் ஏற்பாடு செய்திருந்தது அவருடைய திருச்சபைக்குச் சொந்தமான ஒரு சின்ன மண்டபம். நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. வந்த பெண்கள் உள்ளே நுழைந்ததும் சுவரோரம் போய் வரிசையாக நின்றார்கள். பொன்செல்வி ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தாள். உட்கார்ந்தும் பாதி நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். தொழிலாளர் துறை அதிகாரி ஓர் அம்மாள். நேரத்துக்கு வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பேனாவைத் திறந்தார். எல்லாம் கூடி வருகிறது என்று பொன்செல்வி நினைத்தாள்.

வியாபாரிகள் தரப்பில் ஓர் ஆள் வருவார் என்று அவளுக்குத் தெரியும். எப்போதும் போலக் கணக்கப்பிள்ளையைத்தான் அனுப்புவார்கள் என்று இருந்துவிட்டாள். என்ன பேச வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்தவள், யார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆவுடைநாயகம் அண்ணாச்சியே உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு.

மண்டபம் மொத்தமும் எழுந்து நின்றது.

யாரும் யோசித்து எழுந்திருக்கவில்லை. காலையில் அண்ணாச்சி நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டுக் கடைக்குள் நுழையும்போது முதுகை நிமிர்த்தி நிற்கிற பெண்கள் அவர்கள். மற்றக் கடைகளிலிருந்து வந்தவர்களும் அவர்களோடு எழுந்தார்கள். தானும் நின்றுகொண்டிருப்பதைப் பொன்செல்வி அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

“அடடே, எல்லாம் நம்ம பிள்ளைகள்லா! உக்காருங்கம்மா, உக்காருங்க” என்றார் அண்ணாச்சி.

ஒருத்தியும் உட்காரவில்லை.

“அவரே சொல்றாரே, உட்காருங்கம்மா” என்றார் அதிகாரி. பின்வரிசையில் ஒரு சின்னப் பெண் பாதி குனிந்தாள். பாத்திமா நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் நிமிர்ந்துகொண்டாள். அண்ணாச்சி முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகாவது உட்காருவார்கள் என்று பார்த்தால், அவருக்குச் சமமாக நாற்காலியில் எப்படி உட்காருவது என்று அதற்கும் நின்றார்கள். தானியேல் பொன்செல்வியின் பக்கம் குனிந்து, “உக்காரச் சொல்லுங்கம்மா, காரியம் கெட்டுச்சு” என்று முணுமுணுத்தார்.

அண்ணாச்சி தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்.

“பாத்தியளா மேடம். நானும் உக்காருன்னுதான் சொல்லுதேன். நீங்களும் சொல்லுதிய. அதுக உக்கார மாட்டேங்குது. நிக்கது அதுகளுக்குப் பழகிட்டு. இதுக்குப் போயி ஒரு சட்டமா?”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பெண்களும் சிரித்தார்கள். அண்ணாச்சி ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் சிரிப்பதும் பழக்கம்தான். அவர் சூழ்ச்சியாகப் பேசவில்லை. மனதில் பட்டதைத்தான் சொன்னார். அதிகாரி புன்னகையோடு எதையோ எழுதினார்.

பொன்செல்விக்கு அந்தப் பேனா போவது தெரிந்தது. இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்து, கெஞ்சி, கோபப்பட்டு, ஆளைச் சேர்த்ததெல்லாம் அந்த ஒரு வரியில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அண்ணாச்சி மேல் கோபம் வரவில்லை. நிற்கிற பெண்கள் மேல் வந்தது. அதைவிட அதிகமாகத் தன் மேல் வந்தது. உட்காரு, உட்காரு என்று தன் கால்களுக்குச் சொன்னாள். அவை கேட்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தாள். இரும்பு நாற்காலி கிறீச்சிட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சியும் திரும்பினார்.

“பொன்செல்வியா? காலு எப்படி இருக்கு தாயி?”

சேலையைப் பையில் போட்டுக் கொடுத்த அன்றைக்குக் கேட்ட அதே குரல். அவள் உடம்பு தானாக எழும்பப் பார்த்தது. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்குதுதான் அண்ணாச்சி” என்றாள்.

“நீங்க ஏதோ சொல்லணும்னு நினைக்கிறீங்க. சொல்லுங்கம்மா” என்றார் அதிகாரி.

பஸ்ஸில் பேசிப் பேசி மனப்பாடமாக இருந்த பேச்சு எதுவும் அப்போது வரவில்லை.

“மேடம், அண்ணாச்சி நல்லவுக. எனக்குக் கல்யாணச் சேல எடுத்துத் தந்தவுக. அவுக சொல்லியும் நாங்க ஏன் உக்காரலன்னு நீங்களே யோசிங்க. இன்னைக்கு இங்கன வச்சு உக்காருன்னு சொல்லுதாவ. நாளைக்குக் கடையில சொல்ல மாட்டாவ. அவுக சொன்னா உக்காரணும், சொல்லாட்டா நிக்கணும். அது எங்களுக்கு வேண்டாம் மேடம். யார்கிட்டயும் கேக்காம உக்காரணும். அதுக்குத்தான் சட்டம் கேக்கோம்.”

அண்ணாச்சி துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “நம்ம கடையில நின்ன பிள்ள. நல்லாத்தான் பேசுதா” என்று மெல்லச் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் முகம் வாடியிருந்தது. அதைப் பார்க்கப் பொன்செல்விக்குத் தாங்கவில்லை.

அதிகாரி மற்றவர்களைக் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. பாத்திமாவைப் பொன்செல்வி பார்த்தாள். பாத்திமா உதட்டை அசைத்தாள், அண்ணாச்சியின் பின்தலையைப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது கார் அனுப்பியவர் அண்ணாச்சி. “அக்கா சொன்னதுதான்...” என்று தொடங்கினாள், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

“சரி, பேச வேண்டாம். இந்த மசோதாவை ஆதரிக்கிறவங்க கையை மட்டும் தூக்குங்க” என்றார் அதிகாரி.

முன்வரிசையில் இருந்த அண்ணாச்சிக்குப் பின்பக்கம் நடப்பது தெரியாது. நின்றுகொண்டிருந்த பெண்களின் கைகள் பைய பைய மேலே வந்தன. சில கைகள் தோள் வரைக்கும், சில கைகள் காது வரைக்கும். அண்ணாச்சி என்னவென்று திரும்புவதற்குள் எல்லாக் கையும் இறங்கிவிட்டது. அதிகாரி எத்தனை கைகளைக் கண்டார், எதை எழுதினார் என்று யாருக்கும் தெரியாது.

கூட்டம் முடிந்ததும் தானியேல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். “பரவால்லம்மா, ஆள் வந்துச்சுல்லா” என்றார். அவருக்கும் தெம்பில்லை. மறுநாள் வள்ளியூரில் அவருக்கு இதேபோல ஒரு கூட்டம் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பாத்திமா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் முருகன்குறிச்சியைத் தாண்டியது.

“நீங்க அப்படி உக்காந்திருக்கக் கூடாதுக்கா” என்றாள் பாத்திமா.

“எப்படிட்டி?”

“அண்ணாச்சி மூஞ்சிக்கு நேரா. கால்மேல கால் போட்டுக்கிட்டு.”

“நான் கால்மேல கால் போடலயே.”

“போட்ட மாதிரிதான் இருந்துச்சு. நீங்க வீட்டுக்குப் போயிருவிய. நாளைக்குக் காலையில நாங்கதான அவுக மூஞ்சில முழிக்கணும்.”

முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பாமலே தலையாட்டினார்கள். பொன்செல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாலத்தில் பஸ் போகும்போது கீழே தாமிரபரணியில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் அலுப்பாக இருந்ததால் அடக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் காலைப் பஸ்ஸில் ஏறவில்லை. அந்தப் பிள்ளைகளாவது தூங்கட்டும் என்று சிவகணேஷிடம் சொன்னாள்.

சட்டம் வந்தது. டிவியில் இரண்டு நிமிஷம் சொன்னார்கள், தானியேல் போன் செய்து சந்தோஷப்பட்டார். நெல்லையிலிருந்து போன அறிக்கையில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. நம்மால்தான் வந்தது என்று மார்தட்ட முடியாது, நம்மால் வரவில்லை என்று சொல்லவும் முடியாது. பொன்செல்வி போனை வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

தீபாவளிக்கு முன்னால் தங்கச்சி மகள் சடங்குக்குச் சேலை எடுக்க வேண்டியிருந்தது. வேறு கடைக்குப் போயிருக்கலாம். அப்படிப் போனால் பயந்து ஒதுங்கியதாகத் தனக்கே தோன்றும் என்று நினைத்து ஆவுடைநாயகம் ஸ்டோருக்கே போனாள். சேலைப் பிரிவில் மேஜைக்குப் பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மடித்த சேலைகள் அடுக்கியிருந்தன. பெண்கள் எல்லோரும் நின்றார்கள். பாத்திமா அவளைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினாள், அப்புறம், “வாங்கக்கா” என்று வாடிக்கையாளருக்கு உரிய மெத்தை வைத்த இருக்கையைக் காட்டினாள். பொன்செல்வி உட்கார்ந்தாள். பாத்திமா சேலைகளை எடுத்து விரித்துப் போட்டுக்கொண்டே போனாள்.

ஏழெட்டுச் சேலை விரித்திருக்கும்போது அண்ணாச்சி உள்ளே வந்தார். நேராகக் கோயிலிலிருந்து வருகிறார், திருநீறு இன்னும் உலரவில்லை.

பொன்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். மடியிலிருந்த சேலை நழுவித் தரையில் விழுந்தது.

அண்ணாச்சி நின்று பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். “உக்காரு தாயி, உக்காரு. சட்டந்தான் வந்துட்டுல்லா!” என்றார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் நடந்து போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். அங்கே இருந்து பார்த்தால் கீழ்த்தளம் முழுக்கத் தெரியும்.

அவமானத்தில் பொன்செல்விக்குக் காது சுட்டது. அன்றைக்கு மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் பேசியது தான்தானா என்று இருந்தது. இப்போது உட்கார்ந்தால் அவர் சொல்லி உட்கார்ந்தது போல ஆகும். விழுந்த சேலையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு நின்றபடியே இருந்தாள்.

பாத்திமா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலின் மேலிருந்த சேலைகளை அப்படியே தூக்கி அலமாரியில் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜைக்கு மேல் அவள் தலை மட்டும் தெரிந்தது. தப்புச் செய்த பிள்ளை போல முகம் சிவந்திருந்தது. அடுத்த பிரிவில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லாவிலிருந்து அண்ணாச்சி இந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

“மேல் தட்டுல ஒரு பச்ச இருக்குக்கா. எடுத்துக் காட்டட்டுமா?” பாத்திமா எழும்பப் போனாள்.

பொன்செல்வி மேஜைக்கு மேலே கையை நீட்டி அவள் தோளை அழுத்தினாள்.

“எழும்பாத. எனக்கு ஒண்ணும் எடுத்துக் காட்ட வேண்டாம். நீ அப்படியே இரு.”

விரித்துக் கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள், கரையைத் தடவினாள், திரும்பவும் முதல் சேலைக்கே வந்தாள். முழங்காலுக்குக் கீழே வலி கிளம்பிவிட்டது. பரவாயில்லை என்று நின்றாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் பாக்கேன்ட்டி” என்றாள்.